லெப்டொப்பின் கறுப்புத் திரைக்குப் பின்னால் ஒரு முப்பது வருடக் கதை



2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 போடுவதென்றால் டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல் புரொசசர் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும் என்பது அவர்களின் நிபந்தனை. எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் எங்கள் கண்ணில் படும் லெப்டொப்கள் பல அதற்கு முந்தியவை. 2020இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது பிள்ளைகளின் ஒன்லைன் வகுப்புக்காக அவசரமாக வாங்கிய பாவித்த லெப்டொப்களும் அதற்குள் உண்டு. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறிய பிறகு, இன்னொன்று வாங்குவது என்பது பல வீடுகளில் பேச்சளவில்கூட இல்லை.

அதனால்தான் இப்போது செட்டிபாளையம், களுவாஞ்சிக்குடிப் பக்கமெல்லாம் லினக்ஸ் பற்றிய விசாரிப்பு கூடியிருக்கிறது. உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் பென்டிரைவில் உபுண்டுவோ லினக்ஸ் மின்டோ ஏற்றித் தாங்களாகவே முயற்சிக்கிறார்கள். சிலருக்கு அரை மணித்தியாலத்தில் வேலை முடிகிறது. சிலருக்கு லோகோ தெரிந்து மறைந்த பிறகு திரை கறுப்பாகிவிடுகிறது. ஃபேன் சுற்றுகிறது, டிஸ்க் லைட் மினுங்குகிறது, திரையில் மட்டும் ஒன்றுமில்லை. வீட்டில் உம்மா கேட்பது “இருந்ததையும் கெடுத்துப்போட்டியா?” என்றுதான். கடைக்குக் கொண்டுபோனால் டிஸ்ப்ளே போய்விட்டது, போர்ட் போய்விட்டது என்று சொல்லி அனுப்புவதும் நடக்கிறது.

பெரும்பாலான நேரங்களில் ஒன்றும் போகவில்லை. லெப்டொப்பும் பழுதில்லை, லினக்ஸும் பழுதில்லை, பிள்ளை பிழையாக எதையும் அழுத்தவுமில்லை. அந்தக் கறுப்புத் திரை பழைய ஒரு வழக்கின் மிச்சம். வழக்கு இதுதான்: கிராபிக்ஸ் சிப்போடு எப்படிப் பேசுவது என்ற விடயம் யாருக்குச் சொந்தம்? செய்து விற்ற கம்பனிக்கா, காசு கொடுத்து வாங்கியவருக்கா?

முதலில் டிரைவர் என்றால் என்ன என்று பார்ப்போம். குறுமண்வெளியிலிருந்து மண்டூருக்கு வாவியைக் கடப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். தோணி இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது. எந்த இடம் ஆழம், எந்த இடத்தில் தட்டும் என்று தெரிந்த ஒருவர் இல்லாவிட்டால் தோணி கரையிலேயே கிடக்கும். கிராபிக்ஸ் சிப்பும் அப்படித்தான். அதற்குள் ஆயிரக்கணக்கான இலக்கமிட்ட சிறு அறைகள் உண்டு, ரெஜிஸ்டர் என்பார்கள். எந்த அறையில் எந்த எண்ணை எழுதினால் திரையில் என்ன நடக்கும் என்பது சிப்பைச் செய்தவருக்குத்தான் தெரியும். அதைத் தெரிந்துவைத்திருக்கும் மென்பொருள்தான் டிரைவர். விண்டோஸுக்குக் கம்பனியே அதை எழுதிக் கொடுக்கும். லினக்ஸுக்கு யார் எழுதுவது?

இந்தக் கேள்வி லினக்ஸை விடப் பழையது. 1980 அளவில் அமெரிக்காவின் எம்ஐடி செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்துக்கு செரொக்ஸ் கம்பனி ஒரு லேசர் பிரின்டர் கொடுத்தது. கடதாசி அடிக்கடி சிக்கியது. அங்கு வேலை செய்த ரிச்சர்ட் ஸ்டோல்மன், முன்பிருந்த பிரின்டரில் இதே தொல்லை வந்தபோது அதன் மென்பொருளைத் திருத்தி, கடதாசி சிக்கினால் அச்சுக்குக் காத்திருப்பவர்களின் கொம்பியூட்டருக்கு அறிவித்தல் போகும்படி செய்திருந்தார். புதிய பிரின்டரின் மூலநிரல் தரப்படவில்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் அது இருக்கிறது என்று கேள்விப்பட்டு நேரிலேயே போய்க் கேட்டார். வெளியில் கொடுப்பதில்லை என்று கம்பனிக்கு வாக்குக் கொடுத்திருப்பதாகச் சொல்லி அவர் மறுத்துவிட்டார். 1983 செப்டம்பர் 27இல் ஸ்டோல்மன் க்னூ திட்டத்தை அறிவித்ததற்குப் பின்னால் இந்தக் கசப்பும் இருந்தது. இன்று நாம் சுதந்திர மென்பொருள் என்று சொல்லும் முழு இயக்கத்தின் வேரிலும் ஒரு டிரைவர் தகராறு கிடக்கிறது.

1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், 21 வயதில், லினக்ஸ் கேர்னலை வெளியிட்டார். கேர்னல் என்பது பணிசெயல் முறைமையின் உள்மையப் பகுதி. அதில் எழுத்துகள்தான் தெரிந்தன, படம் காட்ட வேறு மென்பொருள் தேவைப்பட்டது. 1992 அளவில் தொடங்கிய எக்ஸ்ஃப்ரீ86 அந்த வேலையை எடுத்துக்கொண்டது. அந்தக் காலத்தில் லினக்ஸ் போட்டவர்கள் தங்கள் மொனிட்டரின் நேரக்கணக்கைக் கையாலேயே ஒரு கோப்பில் எழுத வேண்டியிருந்தது. செக்கனுக்கு எத்தனை வரி, எத்தனை தடவை புதுப்பிப்பு என்று வரிசையாக எண்கள். பிழையான எண்ணைக் கொடுத்தால் பழைய குழாய் மொனிட்டர் பழுதாகக்கூடும் என்று கைநூல்களே எச்சரித்தன. இன்றைய பிள்ளைகள் கறுப்புத் திரையைக் கண்டு பயப்படுகிறார்கள், அன்றைக்குப் பயப்பட உண்மையான காரணம் இருந்தது.

2000இல் என்விடியா கம்பனி லினக்ஸுக்குத் தன் சொந்த டிரைவரைக் கொடுத்தது. ஆனால் பூட்டிய பெட்டியாக. ஓட்டலாம், திறந்து பார்க்க முடியாது. நியாயமாகச் சொன்னால் அது வேகமான, நல்ல டிரைவர். சிக்கல் வேறு இடத்தில். லினக்ஸ் கேர்னல் சில மாதங்களுக்கொருமுறை மாறுகிறது, அதன் உள் அமைப்பை மாற்றாமல் வைத்திருப்போம் என்று கேர்னல் எழுதுபவர்கள் யாருக்கும் உறுதி கொடுப்பதில்லை. உங்கள் டிரைவரைத் திறந்து கேர்னலுக்குள் தாருங்கள், நாங்களே சேர்த்து மாற்றிக்கொள்கிறோம் என்பது அவர்களின் நிலைப்பாடு. பிடிவாதம் இரண்டு பக்கத்திலும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் ஒரு பக்கம் கதவைத் திறந்துவைத்துப் பிடிவாதம் பிடித்தது, மறுபக்கம் பூட்டிவைத்துப் பிடித்தது. இடையில் அகப்பட்டவர், கேர்னலை அப்டேட் செய்துவிட்டு மறுநாள் காலை கறுப்புத் திரையைப் பார்த்தவர்.

மற்ற இரண்டு பெரிய கம்பனிகள் வேறு வழியில் போயின. இன்டெல் 2006இல் தன் புதிய கிராபிக்ஸுக்கான டிரைவரைத் திறந்த மூலமாகவே வெளியிட்டது. அதே வருடம் ஏடிஐ கம்பனியை வாங்கிய ஏஎம்டி, 2007 செப்டம்பரில் சிப்களின் ஆவணங்களை வெளியே கொடுக்கப்போவதாக அறிவித்துக் கொடுக்கவும் தொடங்கியது. இன்றைக்கு இன்டெல் அல்லது ஏஎம்டி கிராபிக்ஸ் மட்டும் உள்ள லெப்டொப்பில் லினக்ஸ் போட்டால் டிரைவர் என்ற பேச்சே பெரும்பாலும் எழாது. அது கேர்னலோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. அதற்கு வித்திட்டது அந்த இரண்டு வருடங்கள்தான்.

இன்டெல் பெயரிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. 2008இல் வந்த ஜிஎம்ஏ 500 என்ற கிராபிக்ஸ், பெயரில் இன்டெல், உள்ளே வேறொரு கம்பனியின் பவர்விஆர் சிப். இன்டெலின் திறந்த டிரைவர் அதற்குப் பொருந்தவில்லை. ஏசர் ஆஸ்பயர் வன் 751 போன்ற சின்ன நெட்புக்கில் யாராவது லினக்ஸ் போட்டு அலுத்துப்போயிருந்தால் காரணம் அதுதான்.

என்விடியா பக்கம் நடந்ததுதான் எங்களுக்கு இந்தக் கதையிலேயே பிடித்த பகுதி. 2005இல் ஸ்டெஃபான் மார்ஷெசன் என்ற பிரெஞ்சுக்காரர், கம்பனி சொல்லித் தராவிட்டால் நாமே கண்டுபிடிப்போம் என்று ஒரு வேலையைத் தொடங்கினார். பெயர் நூவோ, பிரெஞ்சில் ‘புதியது’. எப்படிக் கண்டுபிடிப்பது? பூட்டிய டிரைவரை ஓடவிட்டு, ஒரு சின்ன வேலை கொடுப்பார்கள், ஒரு முக்கோணம் வரை என்பது போல. அதற்கு முன் ரெஜிஸ்டர்களில் என்ன எண்கள், அதற்குப் பின் என்ன எண்கள் என்று பதிந்து ஒப்பிடுவார்கள். மாறிய எண்தான் தடயம். இதற்கென ஒரு சின்னப் புரோகிராம் எழுதிக் கொடுத்தார்கள், பல நாடுகளிலிருந்தும் ஆட்கள் தங்கள் கார்டில் அதை ஓட்டி விளைவை அனுப்பினார்கள். பிறகு, டிரைவர் சிப்புக்கு எழுதும் ஒவ்வொரு எண்ணையும் அந்த இடத்திலேயே பிடித்துப் பதியும் கருவியொன்றும் வந்தது. வேறொருவரின் தோணி போகும் தடத்தைக் கரையிலிருந்து பார்த்துப் பார்த்தே வாவியின் வரைபடத்தை வரைந்தார்கள் என்று சொல்லலாம். 2010 பெப்ரவரியில் நூவோ கேர்னலுக்குள் சேர்ந்துவிட்டது. ஆவணம் ஒரு பக்கம்கூட இல்லாமல் தொடங்கிய வேலை அது.

இப்போது கறுப்புத் திரைக்கு நேராக வருகிறோம். 2009 வரை, திரையின் அளவையும் நேரக்கணக்கையும் தீர்மானிப்பது கேர்னலுக்கு வெளியே நடந்தது. 2009 மார்ச்சில் வந்த கேர்னல் 2.6.29இலிருந்து அந்தப் பொறுப்பு கேர்னலுக்குள்ளேயே வரத் தொடங்கியது. முதலில் இன்டெல், பிறகு ஏஎம்டி, பிறகு நூவோ. நன்மை பெரியது: திரை மினுங்காமல் ஏறும், உறங்கவைத்து எழுப்பினால் படம் திரும்ப வரும். ஆனால் கேர்னல் ஏறிய சில நொடிகளிலேயே, இன்ஸ்டோல் திரை வருவதற்கு முன்னமே, கிராபிக்ஸ் சிப்போடு பேச வேண்டியதாகிறது. அந்தப் பேச்சு முறிந்தால் மனிதனுக்குச் செய்தி சொல்ல வேறு வழி இல்லை. லோகோ மறைந்த பிறகு கறுப்பாவது அந்த நொடியில்தான்.

அதற்காகவே ஒரு கதவு வைத்திருக்கிறார்கள். நோ, மோட், செட் என்ற மூன்று ஆங்கிலச் சொற்களையும் இடைவெளி இல்லாமல் சின்ன எழுத்தில் சேர்த்தெழுதிய ‘நோமோட்செட்’. கேர்னல் ஏறும்போது இதைக் கொடுத்தால், சிப்பின் சொந்த டிரைவரைத் தொடாமல், லெப்டொப் ஏற்கனவே காட்டிக்கொண்டிருந்த எளிய படத்தையே வைத்துக்கொள்ளும். இதை எங்கே எழுதுவது என்று தேடத் தேவையில்லை. லினக்ஸ் மின்டின் தொடக்கப் பட்டியலில் ‘கம்பேட்டிபிலிட்டி மோட்’ என்றும், உபுண்டுவில் ‘சேஃப் கிராபிக்ஸ்’ என்றும் இருப்பது இதுதான். இன்ஸ்டோல் முடிந்து முதல் தடவை ஏற்றும்போதும் கறுப்பானால், குரப் பட்டியலில் ஈ எழுத்தை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் நீண்ட வரியின் முடிவில் அந்தச் சொல்லைச் சேர்த்து எஃப்10 அழுத்தலாம். அப்படிச் சேர்ப்பது அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான்.

சிலர் இதை நிரந்தரமாக எழுதிவைத்துவிடுகிறார்கள். பிறகு, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடியவில்லை, யூடியூப் பார்த்தால் விக்குகிறது, லினக்ஸே இப்படித்தான் என்கிறார்கள். இல்லை. அது உள்ளே போவதற்கான வழி மட்டுமே. உள்ளே போய் உரிய டிரைவரை ஏற்படுத்தியதும் அந்தச் சொல்லை எடுத்துவிட வேண்டும்.

2010இல் என்விடியா ஒப்டிமஸ் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஒரே லெப்டொப்பில் இரண்டு கிராபிக்ஸ்: சாதாரண வேலைக்கு இன்டெல், கேமுக்கு என்விடியா, பற்றரி மிச்சம். நல்ல யோசனைதான். ஆனால் லினக்ஸுக்கு ஒன்றும் தரவில்லை. வெளியார் பம்பிள்பீ என்று ஒரு திட்டம் தொடங்கித் தாங்களே வழி செய்தார்கள். 2011இல் அதன் இன்ஸ்டோல் நிரலில் ஒரு பெயருக்கு நடுவே தவறி ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. என்விடியாவின் ஒரு சின்னக் கோப்பை அழி என்று சொல்ல வேண்டிய வரி, லினக்ஸின் பெரும்பாலான புரோகிராம்கள் இருக்கும் யூஎஸ்ஆர் என்ற முழுக் கோப்புறையையும் அழி என்றாகிவிட்டது. ஓட்டிப் பார்த்தவர்களின் கொம்பியூட்டர் வெறுமையானது. ஒரு ஸ்பேஸ்தானே என்று அலட்சியம் செய்யும் பிள்ளைகளுக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

2012 ஜூனில் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் டோர்வால்ட்ஸ் பேசினார். சபையிலிருந்து ஒரு பெண் எழுந்து, தான் வாங்கிய ஒப்டிமஸ் லெப்டொப்பில் லினக்ஸ் சரிவரவில்லை, கம்பனியும் உதவவில்லை என்றார். நமது பிள்ளைகள் கேட்கும் அதே கேள்வி. அவர் வன்பொருள் கம்பனிகளிலேயே மிக மோசமான அனுபவம் இவர்களோடுதான் என்று சொல்லி, கமராவைப் பார்த்து, வகுப்பறையில் காட்டக்கூடாத ஒரு சைகையையும் காட்டினார். அந்தச் சைகைதான் உலகம் முழுக்கச் சுற்றியது. கேள்வி கேட்ட பெண்ணின் லெப்டொப்பை யாரும் நினைவில் வைக்கவில்லை. 2013இல் என்விடியா ஓரளவு ஆதரவு கொடுத்தது. இரண்டு சிப்பையும் தேவைக்கேற்ப மாற்றிப் பாவிக்கும் வசதி 2019இல்தான் அவர்களின் டிரைவரில் வந்தது.

ஒப்டிமஸ் லெப்டொப் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவற்றில் பெரும்பாலானவற்றில் திரை இணைக்கப்பட்டிருப்பது இன்டெலோடுதான். ஜீஃபோர்ஸ் 820எம் சிப்பில் திரைக்குப் போகும் வெளியேற்றமே கிடையாது. எனவே எழுத்து வேலை, ஸூம் வகுப்பு, பழைய வினாத்தாள் என்றால் என்விடியா டிரைவர் போடாமலே இருக்கலாம். இன்டெல் போதும். ஸ்டிக்கரில் என்விடியா என்று இருக்கிறதே, விடக்கூடாது என்று டிரைவரைத் தேடி ஓடித்தான் பலர் நன்றாக வேலை செய்த லெப்டொப்பைக் கறுப்பாக்கிக்கொள்கிறார்கள். மேலும் 820எம் போன்ற ஃபெர்மி வகைச் சிப்களுக்கான 390 வரிசை டிரைவரைக் கம்பனி 2022 முடிவோடு கைவிட்டது. அதன் பின் வந்த கேர்னல்களுக்காக அதை அவர்கள் திருத்துவதில்லை. பூட்டிய பெட்டியின் உண்மையான விலை இதுதான்: சிப் நன்றாக இருக்கும், சாவி வைத்திருப்பவர் போய்விடுவார்.

2012இல் விண்டோஸ் 8ஓடு செக்கியூர் பூட் பரவியது. கையொப்பமில்லாத எதையும் ஏறவிடாது. உபுண்டு, மின்ட் இரண்டும் கையொப்பத்தோடு வருகின்றன, ஆனால் உங்கள் லெப்டொப்பிலேயே கட்டப்படும் என்விடியா டிரைவருக்கு உங்கள் அனுமதி வேண்டும். அதற்காக ஒரு கடவுச்சொல் கேட்கும், அடுத்த தடவை ஏறும்போது நீலத் திரையில் ‘என்ரோல் மொக்’ என்று வரும். அவசரத்தில் ‘கன்டினியூ பூட்’ அழுத்திவிட்டால் டிரைவர் போட்டும் போடாத கதைதான். 2014இல் ஜீஃபோர்ஸ் 900 வரிசையிலிருந்து என்விடியா தன் சிப்புக்குள்ளேயே கையொப்பப் பூட்டைப் போட்டது. அதனால் அந்தச் சிப்களில் நூவோவால் வேகத்தைக் கூட்ட முடியாமல் போனது. 2022 மேயில், டூரிங் வகையிலிருந்து மேலானவற்றுக்குக் கேர்னல் பகுதியைத் திறந்த மூலமாக வெளியிட்டார்கள். பாதி திறப்பு, அதுவும் புதியவற்றுக்கு. நம் வீடுகளில் இருப்பவை அதற்குள் வரமாட்டா.

வேறு வழி இருந்ததா என்று கேட்டால், பக்கத்திலேயே பார்க்கலாம். தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு, இந்தியாவின் சி-டாக் உருவாக்கிய பொஸ் லினக்ஸும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று வைத்தார்கள். வாங்குகிற அரசாங்கம் அப்படிக் கேட்கும்போது லினக்ஸ் ஏறாத கிராபிக்ஸைக் கொண்டுவந்து தள்ள எந்தக் கம்பனியாலும் முடியாது. மாணவர் கையில் பென்டிரைவோடு போராட வேண்டியதில்லை. நமது நாட்டிலும் இந்த வகை மென்பொருளுக்கு வரலாறு இல்லாமல் இல்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் நம் கரையை அழித்துப்போட்ட அடுத்த நாட்களில், இலங்கைத் தன்னார்வலர்கள் காணாமல் போனவர்களையும் முகாம்களையும் பதிய எழுதிய சஹானா என்ற மென்பொருள் திறந்த மூலம்தான். ஸ்டோல்மனின் அமைப்பான சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை 2006ஆம் ஆண்டுக்கான சமூக நல விருதை அதற்குக் கொடுத்தது. எழுதத் தெரிந்தவர்கள் இங்கே இருந்தார்கள். கொம்பியூட்டர் வாங்கும்போது கேட்கத்தான் யாரும் இருக்கவில்லை.

விண்டோஸை அழிப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். டிவைஸ் மேனேஜரைத் திறந்து, டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்ற இடத்தை விரித்து, அங்கே இருக்கும் பெயரைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இன்டெல் அல்லது ஏஎம்டி மட்டும் இருந்தால் தைரியமாகப் போடலாம். இரண்டு பெயர் இருந்து ஒன்று என்விடியா என்றால், முதலில் பென்டிரைவிலிருந்தே ஓடவிட்டுப் பாருங்கள், கறுப்பானால் மேலே சொன்ன கதவால் போங்கள். டிரைவர் வேண்டுமென்றால் மின்டில் ‘டிரைவர் மேனேஜர்’, உபுண்டுவில் ‘அடிஷனல் டிரைவர்ஸ்’ காட்டுவதையே போடுங்கள். கம்பனியின் தளத்திலிருந்து நேராக இறக்கிப் போட்டால் அடுத்த கேர்னல் அப்டேட்டோடு பழைய கதை திரும்ப வரலாம். பெயரைப் பார்த்தும் எந்த வகை என்று விளங்காவிட்டால் அந்தப் படத்தையும் லெப்டொப்பின் மாதிரி எண்ணையும் இங்கேயே போடுங்கள். பாடசாலை விட்ட பிறகு பார்த்துப் பதில் எழுதுகிறோம், இன்ஷா அல்லாஹ்.